காற்றாடிமலைக் காற்றும் காரைக்குடி நிக்கலும்



ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நாஞ்சில் நாட்டாருக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புனித தேவசகாயம் உயிர்நீத்த மலைக்கே காற்றாடிமலை என்றுதானே பெயர்! அங்கே திருப்பயணம் சென்று திரும்புகையில், முப்பந்தல் காற்றாலைகளைக் காட்டி, "சாமி, காற்று நின்றால் கரண்டும் நின்றுபோகுமே, அப்போது என்ன செய்வது?" என்று நம் பங்குச் சிறுவன் ஒருவன் வினவினான். கேட்க வேண்டிய கேள்விதான்.

விடைகளுள் ஒன்று தண்ணீரில் இருக்கிறது. காற்று மிகுந்த நாளில் எஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கலாம். வேண்டும்போது அதிலிருந்து மீண்டும் மின்சாரம் பெறலாம். புகை வராது, நீர்தான் மிஞ்சும். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தியை நாடுகிறது.

ஆனால், தண்ணீர் எளிதில் பிரிந்து கொடுப்பதில்லை. இடையில் நின்று வேலையை எளிதாக்கி, தான் செலவாகாத வினையூக்கி ஒன்று தேவை. கல்யாணத் தரகரைப் போல என்னலாம். ஆனால் தரகு வாங்காத தரகர்! அது ஹைட்ரஜனை அளவோடு பற்றி, அளவோடு விடவேண்டும். அதில் வல்லது பிளாட்டினம். அமிலத் தன்மையுள்ள சவ்வைக் கொண்ட கருவிகளில், ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்துக்கு இரிடியமும் வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் ஏழெட்டு டன். ஒரே லாரியில் ஏற்றிவிடலாம். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. இதை நம்பி ஏழை நாடுகள் விளக்கேற்றுவது எங்ஙனம்?

நம் தோட்டத்து வாழையிலையைப் பாருங்கள். அதுவும் நாள்தோறும் நீரைப் பிரிக்கிறது. அதற்கு இரிடியம் வேண்டியதில்லை. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த ஒரு சிறு கொத்தே அப்பணியைச் செய்கிறது. 2011இல் ஜப்பானிய அறிஞர்கள் அதன் அமைப்பைத் துல்லியமாகக் கண்டனர்.

இவ்வழியில் உழைப்போர் நம் தமிழகத்திலேயே உளர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறோம். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் சல்பைடு, செலினைடு, பாஸ்பைடுகள் நீரைப் பிரிக்கும் திறனை அந்நிலையத்தார் 2016இல் விரிவாகத் தொகுத்து வெளியிட்டனர். அமிலத்தில் கரைந்துபோகும் நிக்கல், காரக் கரைசலில் நிலைத்து நிற்கும். அதனோடு சிறிது இரும்பு சேர்ந்தால் திறன் பன்மடங்காகும். கரைசலில் அழுக்காகக் கலந்திருந்த இரும்பே இவ்வாறு உதவுகிறது என்பதை 1987இல் காரிகன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.

கோபால்ட் பற்றி மட்டும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. உலகில் அதன் பெரும்பகுதி காங்கோ நாட்டினின்று வருகிறது. அங்குச் சில சுரங்கங்களில் குழந்தைகளும் மண் சுமக்கின்றனர். அத்தகைய மலிவை மலிவென்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. இரும்பும் நிக்கலுமே போதுமாயின் நலம்.

இன்னொரு தடையும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் சில நூறு மணி நேரம் தாங்குவது போதாது. தொழிற்சாலையில் பல்லாயிரம் மணி நேரம் தாங்க வேண்டும். மேலும், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கருவிக்குள் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் எழுந்து நிக்கல் தகடுகளை அரிக்கிறது. நம் காற்றாடிமலைக் காற்றோ ஒரே சீராக வீசுவதில்லை. நின்று நின்று வீசும் அக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் தகட்டைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவனுக்கு நாம் அன்று இவ்வளவுதான் சொன்னோம். அவன் அடுத்த கேள்வியோடு காத்திருக்கிறான்.