அரை வினாடிச் சந்தேகம்

கடவுள் காப்பார் என்று உறங்குகிறவனுக்கும், ‘எல்லோரும் உபயோகிக்கிறார்கள், ஆகவே பத்திரம்’ என்று இருக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

தகவலைச் சுருக்கிக் கட்டும் ‘எக்ஸ்இசட்’ என்னும் நிரல் உலகமெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல வருஷமாகப் பராமரித்தவர் பின்லாந்தின் லாஸ்ஸே கோலின், சம்பளமில்லாத வேலை. 2021 முதல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவிக்கு வந்து, நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல் அதனுள் கள்ளவாசல் வைக்கப்பட்டது.

அதைக் கண்டுபிடித்தது ஜோசியமா, அசரீரியா? ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை வினாடி அதிகமாவதைக் கண்டு, ஏன் என்று கேட்டார், ஆராய்ந்தார், மார்ச் 29-இல் உலகுக்கு அறிவித்தார். கேடு பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு நின்றது.

‘எல்லோருக்கும் திறந்து வைத்தால் இதுதான் கதி’ என்கிறார்கள் சில புத்திசாலிகள். அய்யா, திறந்திருந்ததால்தானே வெளியார் ஒருவர் உள்ளே புகுந்து பார்க்க முடிந்தது? கள்ளவாசலை இயக்கும் வரியோ பொதுவில் வைத்த மூலத்தில் இல்லை. வெளியீட்டு மூட்டையில் ஒளிந்திருந்தது. ஆகவே, புரட்டுக்கு இடம் கொடுத்தது மறைவே ஒழிய வெளிச்சமல்ல.

உண்மைக் குற்றம் வேறு. ஒருவரின் ஓய்வுநேர உழைப்பின்மேல் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் முதலாளிகள், கூலியும் தரவில்லை. சோதிக்க ஆளும் வைக்கவில்லை.

சிலர் மட்டுமே படிக்கலாம் என்ற ஏற்பாட்டால் கெட்ட நாம், அறிவை மூடிவை என்ற யோசனைக்குத் தலையாட்டலாமா? அறிவு திறந்திருக்கட்டும், உழைப்புக்குக் கூலி கிடைக்கட்டும், யார் தந்ததாயினும் சோதித்தே ஏற்போம்.