அயோடின் சிகிச்சையும் உலர்ந்த வாயும்

நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டு, கம்பெனி ஆஸ்பத்திரியும் பழைய நிலையை இழந்துவிட்ட பிறகு, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த பாட்டன்மாரின் சந்ததியாராய் இன்னும் லைன் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, பெரிய வியாதி என்று வந்துவிட்டால் பெங்களூருக்கோ வேலூருக்கோ பிரயாணப்படுவது வழக்கமாகிவிட்டது. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் அளிக்கப்படும் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் அவ்வாறு வெளியூரில் தனியறையில் சில நாள் இருந்து முடித்துக்கொண்டு வருவதேயாம். ஆனால் அதன் உபத்திரவங்களில் ஒன்று, பல சமயம் மாதங்கள் கழித்து, வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் தலைகாட்டுகிறது.

1940-களில் நியூயார்க்கில் சாமுவேல் சைட்லின் முதலானோர் இப்புற்றுநோய்க்குக் கையாண்ட இச்சிகிச்சையின் சூட்சுமம், தைராய்டு திசு அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் சுபாவமே. இரத்தத்திலிருந்து அயோடினை உள்ளே இழுப்பதாக 1996-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட புரதம், தைராய்டோடு நில்லாமல் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் குடிகொண்டிருக்கிறது. ஆகவே புற்றணுக்களை அழிக்கச் சென்ற கதிர்வீச்சு, காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையும் சுட்டுவிடுகிறது. கன்னம் வீங்குகிறது, சாப்பிட உட்காரும்போது வலிக்கிறது, விவரம் அறியாதவர்கள் பொன்னுக்கு வீங்கி என்று பத்து போடுகிறார்கள். வீக்கம் வடிந்தாலும் சிலருக்கு ருசி மாறி, வாய் வறண்டு, காரக் குழம்பு எரிந்து, சப்பாத்தி தொண்டையில் இறங்காமல், பல்லும் சொத்தையாகிறது. உயிரைக் காத்த சிகிச்சையின்முன் இது அற்பம் என்று சொல்பவர்கள், ஒரு நாளைக்காவது எச்சில் ஊறாத வாயோடு ராகிக் களி விழுங்கிப் பார்க்கட்டும்.

எச்சில் ஊறிச் சுரப்பி தப்ப எலுமிச்சை மிட்டாய் சப்பினால் போதும் என்ற உபதேசமும் அவ்வளவு எளிதன்று. மருந்து அருந்திய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதைத் தொடங்கியவர்களைவிட, ஒரு நாள் கழித்துத் தொடங்கியவர்களுக்குப் பாதிப்புக் குறைவு என்று 2005-இல் ஜப்பானிய வைத்தியர்கள் எழுதினர். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் இதை மறுத்தனர். கேட்க வேண்டியது மிட்டாயைப் பற்றியன்று, மருந்தின் அளவைப் பற்றி. ஏனெனில் அளவு ஏற ஏறச் சுரப்பியின் சேதமும் ஏறுகிறது. அபாயம் குறைந்த நோயாளிகளுக்கு, எஞ்சிய தைராய்டு திசுவை அழிக்க 100 மில்லிகியூரி செய்வதை 30-ஏ செய்துவிடும் என்று 2012-இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த பரிசோதனைகள் காட்டின. மிகக் குறைந்த அபாயமுள்ளவர்களுக்கு இச்சிகிச்சையே இன்றியும் மூன்றாண்டுக்குப் பின் பலன் குன்றவில்லை என்று 2022-இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று தெரிவித்தது. நோய் பரவியவர்களுக்கோ அதிக அளவு அவசியமே. அவர்கள் வாய் வறட்சிக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடலாகாது.

எனவே பெரிய ஆஸ்பத்திரிகள், கையெழுத்து வாங்குமுன் உமிழ்நீரைப் பற்றியும் நோயாளியின் பாஷையில் விளக்க வேண்டும். கன்னம் வீங்கினால் யாரிடம் செல்வது, எப்படித் தடவிவிடுவது, பல் வைத்தியரை எப்போது பார்ப்பது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில், இவ்வாறு திரும்பியவர்களின் வாயையும் பல்லையும் இலவசமாகக் கவனிக்க வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கும்படி கர்நாடக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.