243 கிலோமீட்டருக்கு ஒன்பது இரவுகள்



ஆண்டிடை விடுமுறையில் எங்கே பயணம் என்று சென்ற வாரம் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. எங்கள் திட்டத்தைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறோம். கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிரேட் ஓஷன் சாலையில் மட்டும் ஒன்பது இரவுகள் தங்குகிறோம். அச்சாலை டார்க்கீ என்னும் ஊரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. மொத்த நீளம் 243 கிலோமீட்டர்.

"கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் போகிற தூரம். அதற்கு ஒன்பது நாளா, சார்?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அவரும் அதே விடுமுறையில் அதே நாட்டுக்குத்தான் போகிறார். சிட்னியில் தொடங்கிக் கடலோரமாகவே மெல்பர்ன், அங்கிருந்து மீண்டும் கடலோரமாக அடிலெய்டு. எல்லாம் ஒன்பது நாளில். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். அவருடைய திட்டத்தாளில் ஒவ்வொரு நாளும் மணிவாரியாகக் கட்டம் போட்டிருந்தது. பார்த்ததும் நம் வகுப்பு அட்டவணைதான் நினைவுக்கு வந்தது. ஓய்வுவேளை அரை மணி நேரம் என்பதுகூட அப்படியே இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் ஒருமுறை போனேன்.

2014 டிசம்பரில் என் பெற்றோர், மனைவி, நான்கு வயது மகள் ஆகியோருடன் மெல்பர்ன் சென்றிருந்தேன். கிரேட் ஓஷன் சாலைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கினேன். காலை ஆறு மணிக்கு வாடகை மகிழுந்தில் புறப்பட்டு, முழுச் சாலையையும் ஓட்டி முடித்து, இரவே திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். போகவும் வரவும் 550 கிலோமீட்டருக்கு மேல். என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜே.கே.ஆரில் சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகிழுந்தின் முன்னிருக்கையில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அவர் மட்டும் எதிர்ப்பக்கம், பாறையைக் குடைந்து சாலை வளைந்து போகும் விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்தப் பாறைய எப்படிப்பா வெட்டியிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில் சாலையின் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு ஒன்று உண்டு. அதன் அருகே சாலை போடும் தொழிலாளர்களின் சிலையும் இருக்கிறது. "கொஞ்சம் நிறுத்து, இறங்கிப் பாக்கலாம்" என்றார். வண்டி நிறுத்துமிடம் நிறைந்திருந்தது. "திரும்பி வரும்போது பார்க்கலாம் அப்பா, நேரமில்லை" என்றேன். திரும்பும்போது வேறு வழியாக, உட்புற நெடுஞ்சாலையில் வந்தோம். அந்த வழியில் அந்த வளைவே இல்லை.

பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளை அடைந்தபோது மகள் தூங்கிவிட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் எல்லோரும் இருக்கிறோம், அவள் முகம் மட்டும் தெரியாது. கோலாக் அருகே அந்திப் பொழுதில் ஒரு கங்காரு சாலைக்குள் பாய்ந்தது. எப்படித் தப்பினோம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கங்காருக்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் நடமாடும். நான் அதை அறிந்தே ஓட்டினேன் என்பதுதான் வெட்கம்.

தந்தையார் 2016இல் காலமானார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடையை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் ஏறத்தாழ 3000 பேர், 1919 முதல் 1932 வரை அந்தச் சாலையை அமைத்தார்கள். கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து, தள்ளுவண்டி ஆகியவையே அவர்களுடைய கருவிகள். போரில் மாண்ட தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம்தான் அந்தச் சாலை. நம் நாட்டில் சாலையும் இருப்புப்பாதையும் போட்ட எத்தனையோ கைகள் தமிழ்க் கைகள். என் தந்தையின் கையும் அவற்றுள் ஒன்று. இன்னொரு நாட்டில் அந்த வேலைக்குச் சிலை வைத்திருப்பதை அவர் காண விரும்பினார். ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம். என் அட்டவணையில் அந்த ஐந்து நிமிடத்திற்குக் கட்டம் இல்லை.

ஆகவே இம்முறை திட்டமிடலை வேறு முனையிலிருந்து தொடங்கினேன். எதையெல்லாம் பார்ப்பது என்ற பட்டியலை விட்டுவிட்டு, ஒரு நாளில் எவ்வளவு தூரத்திற்கு மேல் ஓட்டுவதில்லை என்ற எண்ணை முதலில் முடிவு செய்தேன். நூறு கிலோமீட்டர். டார்க்கீயில் இரண்டு இரவு, அப்போலோ பேயில் மூன்று, போர்ட் கேம்ப்பெலில் இரண்டு, வாரனம்பூலில் இரண்டு. இவற்றுள் நீளமான ஓட்டம் அப்போலோ பேயிலிருந்து போர்ட் கேம்ப்பெலுக்கு. அதுவும் நூறுக்குள் அடங்கிவிடும். மெல்பர்னிலிருந்து டார்க்கீக்குப் போகும் நாள் நூறை ஒட்டி வரும். கடைசி நாள் மட்டும் விதிவிலக்கு. வாரனம்பூலிலிருந்து மெல்பர்னுக்கு உட்புறமாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அதைக் காலையில் தொடங்கி வெளிச்சத்திலேயே முடித்துவிடுவோம்.

சூன் மாதத் தொடக்கத்தில் அங்கே குளிர்காலம். மாலை ஐந்து மணி சற்றுக் கடந்ததும் பொழுது சாய்ந்துவிடும். பகல் ஒன்பதரை மணி நேரம்தான். நான்கு மணிக்கு வண்டி நிற்க வேண்டும் என்பதை வீட்டில் சட்டமாகவே ஆக்கிவிட்டோம். குளிர்காலத்தில் போவானேன் என்று கேட்கலாம். டிசம்பரில் பகல் நீளம், கடலும் இதமாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமசிலிருந்து சனவரி இறுதி வரை அங்கே பள்ளி விடுமுறை. கடலோர முகாம்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். காட்டுத் தீயின் காலமும் அதுவே. 2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இதே சாலையோரத்து வை ரிவர், செபரேஷன் கிரீக் ஆகிய சிற்றூர்களில் 116 வீடுகள் எரிந்தன. சூனிலோ முகாம்களில் இடம் தாராளமாகக் கிடைக்கும். அரசர் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டிய நீண்ட வார இறுதிக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். வாரனம்பூலின் லோகன்ஸ் கடற்கரைக்குத் திமிங்கலங்கள் கன்று ஈனச் சூனிலிருந்துதான் வரத் தொடங்கும். நாங்கள் போகும்போது வந்திருக்குமா என்பது அவற்றின் விருப்பம். இரண்டு காலைப்பொழுதுகளை அங்கே சும்மா உட்காருவதற்கென்றே விட்டிருக்கிறோம்.

வரைபட வேலையை மகனிடம் ஒப்படைத்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன். முதலில் அளவுகோலை வைத்து டார்க்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டுக்கு 150 கிலோமீட்டர் என்றான். பிறகு நூலை எடுத்து, சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பொருத்தி அளந்தான். நூல் 200ஐத் தாண்டியதும் தான் தவறு செய்துவிட்டதாக நினைத்து மூன்று முறை மீண்டும் அளந்தான். இதே பாடத்தை வகுப்பில் வரைபலகையில் நடத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி விட்டிருப்பான். கேம்பர்வேனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டு, அவனே 'வீட்டுந்து' என்று ஒரு சொல்லையும் உண்டாக்கினான். மகிழுந்து, பேருந்து வரிசையில் அதுவும் நன்றாகத்தானே இருக்கிறது!

வீட்டுந்தைப் பற்றி நம் பெற்றோர்களிடம் சில இனிய கற்பனைகள் உண்டு. வண்டி ஓடும்போதே பிள்ளைகள் பின்னால் கட்டிலில் படுத்துக்கொள்வார்கள், அம்மா தேநீர் போட்டுக் கொடுப்பார் என்று எண்ணுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். வண்டி ஓடும்வரை ஒவ்வொருவரும் இருக்கைவாருடன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தக்க குழந்தை இருக்கை வேண்டும். ஆகவே எத்தனை பேர் படுக்கலாம் என்பதோடு, எத்தனை பேர் உட்காரலாம் என்றும் கேட்டே முன்பதிவு செய்யுங்கள். ஐந்து பேருக்கான வண்டி ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் இருக்கும். மொத்த எடை வரம்பு 4.5 டன்னுக்குள் இருந்தால் மகிழுந்து உரிமமே போதும். ஜே.பி.ஜே.வில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்வது நல்லது. நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அச்சம் வேண்டா. உயரத்தைத்தான் மறக்கக்கூடாது. கூரையில் ஏற்படும் சேதம் பல ஒப்பந்தங்களில் காப்புறுதிக்குள் வருவதில்லை. தார் போடாத சாலையில் ஓட்டினாலும் அப்படியே. லோர்னுக்கும் அப்போலோ பேக்கும் இடையே சாலை ஒடுங்கி வளைந்து செல்லும். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், ஒதுங்கி வழிவிடுவதற்கென்றே ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். நிதானமாகப் போகிறவன் பிறரையும் நிதானமாக்கத் தேவையில்லை அல்லவா?

எந்தக் கடற்கரையிலும் நிறுத்தித் தூங்கலாம் என்பதும் கற்பனையே. இந்தச் சாலையோரத்தில் பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. முகாமில் மின்னிணைப்புள்ள இடம் எடுத்தால் இரவில் வெப்பமூட்டி வேலை செய்யும். பாத்திரம் கழுவிய நீரும் கழிவறைத் தொட்டியும் அதற்கென உள்ள இடத்தில்தான் கொட்டப்பட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை. சமையல் பற்றி ஒரே ஒரு சொல்: நெத்திலிச் சம்பலை வண்டிக்குள் வதக்காதீர்கள், ஒன்பது நாளும் தலையணையில் மணக்கும். கடலோர ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் இலவச மின் அடுப்புகள் இருக்கின்றன. கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோக வேண்டா. எந்த உணவாயினும் நுழைவுப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். மெல்பர்னுக்கு மேற்கே வெரிபி, டார்னெட் பக்கம் நம் கடைகள் இருக்கின்றன. டார்க்கீக்குப் போகும் வழியில் அவற்றுக்குச் சற்றே திரும்பினால் போதும்.

இரவு விமானத்தில் தூங்காமல் போய் இறங்கும் காலையிலேயே ஏழு மீட்டர் வண்டியை ஓட்டத் தொடங்குவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்பேன். முதல் நாள் மெல்பர்னில் விடுதியில் உறங்கிவிட்டு மறுநாள் வண்டியை எடுக்கிறோம்.

"இவ்வளவு பணம் செலவழித்து நான்கு ஊரைத்தான் பார்ப்பதா?" என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் சம்பளத்தில் இது சில ஆண்டுச் சேமிப்பு. கேம்பர்வேன் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து பேருக்கு, சிறிய மகிழுந்தும் முகாமில் ஒரு மரவீடும் எடுத்தால் செலவு குறையவும் கூடும். என் தாயாரால் ஓட்டுநருக்கு மேலுள்ள பரணில் ஏற முடியாது. அதனால் கீழ்ப் படுக்கை அவருக்கு. முழங்கால் ஒத்துழைக்காத இரவுகளுக்கு மரவீட்டையும் யோசித்து வைத்திருக்கிறோம். வண்டியின் வகை எனக்குப் பெரிதல்ல. 2000 கிலோமீட்டர் ஓட்டி வந்த பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் திறந்து காட்டுவான். விடுமுறைக்குப் பின் வரும் 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரைகளை ஒவ்வோர் ஆண்டும் திருத்துகிறவன் நான். ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு ஊரிலாவது மழை பெய்திருக்காது, யாரும் வழி தவறியிருக்கமாட்டார்கள்.

அந்தக் கட்டுரைக்கென்று பயிற்சித்தாள் ஒன்று தயாரிக்க எனக்கும் கை அரித்தது. அப்போஸ்தலர் பாறைகள் எத்தனை, 2005இல் சரிந்தது எது என்றெல்லாம் வினாக்கள் எழுதத் தொடங்கினேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, அடுத்த வருசம் எஸ்.பி.எம்., இந்த ஒரு லீவையாவது விடுங்களேன்" என்றாள். கிழித்துவிட்டேன். பாறைகள் பன்னிரண்டாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அவர்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். இம்முறை அவள் விழித்திருப்பாள்.

நேற்றிரவு வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தோம். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "அப்பா இறங்கிப் பாக்கணும்னு சொன்னாரே, அந்தச் சிலை, அது எந்த நாள்ல வருது?" என்று கேட்டார். டார்க்கீயிலிருந்து புறப்படும் காலையில் என்றேன். "அங்க எவ்வளவு நேரம் நிப்போம்?"

அன்று நாம் ஓட்ட வேண்டியது 90 கிலோமீட்டர்தான் அம்மா என்று சொன்னேன்.