ஜீவா போனாலும் இயந்திரம் அப்படியே இருக்கிறது

பதுளை ஊர் உறவுகளுக்கும், தோட்டத்துப் பெற்றோருக்கும், எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

“ரோபோக் கதை, சர்வாதிகாரிக் கதை எல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு? சோதினைக்கு வருமா?” என்று கேட்கிறார்கள். வராது. ஆனாலும் வாசிக்கச் சொல்வோம். ஏன் என்று சொல்கிறோம்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது 2021இல். ஜீவா என்பவர் நாட்டை ஆள்கிறார். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற சாதாரணப் பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் அந்த ஆட்சியின் உள்ளே நுழைகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை. மக்கள் கும்பிட்டது ஒளியால் செய்த உருவத்தை. அதோடு முடிந்ததா? ‘மீண்டும் ஜீனோ’வில் அதே நிலா அரசியாகிறாள், ஆனால் கயிறு வேறு ஆட்களின் கையில். முகம் மாறியது, இயந்திரம் மாறவில்லை.

இது எங்கோ நடக்கும் கற்பனை என்று நினைப்பவர்கள் எமது மாகாணத்தையே பார்க்கட்டும்.

ஆளை எண்ணாக்கும் கதையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். கணினி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் சம்பளத்தையே ‘பேர்’ என்று சொல்லும் இடம் தோட்டம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

2000 ஒக்டோபர் 25. பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25க்கும் மேற்பட்டோரைக் கும்பல் கொன்றது. காவலுக்குப் பொலிஸார் இருந்தார்கள். அன்று வட்ஸ்அப் இல்லை, பேஸ்புக் இல்லை. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு தண்டனை பெற்றவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி. அதற்குள் மார்ச் வந்து, திகனை எரிந்தது. பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020இல். எரிந்த வீட்டுக்கு அந்த வருத்தம் என்ன செய்யும்?

“ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு கடுமையான சட்டம் தேவைதானே?” என்று சிலர் கேட்பார்கள். 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்றவர்களும் அவர்களுக்குத் துணைபோனவர்களும் தண்டிக்கப்பட வேண்டும். அதில் எமக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சட்டங்கள் யாரைப் பிடித்தன? 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு தாயைப் பிடித்தன. அவருடைய உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்றார்கள். 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீமைப் பிடித்தன. அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர். வன்முறைக்கு எதிராக எழுதிய ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பைத் தீவிரவாதம் என்றார்கள். ஏறத்தாழ 19 மாதம் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுவித்தது. எமக்கு மட்டும் நடந்தது என்றும் நினைக்காதீர்கள். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் ஒரு சிறுகதைக்காக 2019இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார்.

கதைக்குச் சக்தி இல்லை என்று எமது ஆட்கள்தான் சொல்கிறார்கள். அரசாங்கம் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

2022இல் ஒரு ஜீவாவைத் துரத்தினோம். ஜனாதிபதி மாளிகையில் மக்கள் நீந்தியதை உலகமே பார்த்தது. அடுத்த மாதமே போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்குப் போனது. பிறகு, அந்தப் பழைய சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களுடைய காலத்திலும் 2025 மார்ச்சில், பலஸ்தீனத்துக்காக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞன் அதே சட்டத்தில்தான் பிடிபட்டான்.

ஆகவே “இப்போ இருப்பது நல்ல ஆட்கள், சும்மா இருங்கள்” என்ற புத்திமதியை நாங்கள் ஏற்கமாட்டோம். நல்ல ஆளின் கையில் இருக்கும் கத்தி, அடுத்தவன் கைக்குப் போகாது என்று யார் பொறுப்பு நிற்பது? 1979இல் இந்தச் சட்டம் வந்தபோது, அது தமிழ்ப் பொடியன்களின் பிரச்சினை என்று எம் சமூகத்தில் பலர் கடந்து போனார்கள். 40 வருடம் கழித்து அது எம் வாசலுக்கும் வந்தது. லயத்துப் பிள்ளைக்கு ஒரு நீதி, பள்ளிவாசல் தெருப் பிள்ளைக்கு ஒரு நீதி என்று பாசிசத்திடம் பேரம் பேச முடியாது.

கேட்பது மூன்றே விடயம்.

ஒன்று, பெருவிரலைக் கட்டுப்படுத்துங்கள். யார் அனுப்பினாலும், மௌலவி அனுப்பினாலும், அதிபர் அனுப்பினாலும், உறுதியாகத் தெரியாததைப் பகிராதீர்கள். மற்றச் சமூகத்தைப் பற்றி வரும் ‘எச்சரிக்கை’ ஒவ்வொன்றையும் அம்பாறை மாத்திரையாக நினையுங்கள்.

இரண்டு, ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வைபவத்துக்கு வரும்போது மாலை போடுங்கள், போட்டுவிட்டுக் கேளுங்கள்: பயங்கரவாதத் தடைச் சட்டம் எப்போது போகும்? பெயரை மட்டும் மாற்றி வருமா?

மூன்று, பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் விடுங்கள். பசறையில், லுணுகலையில், வெலிமடையில், ஹப்புத்தளையில் உள்ள பிள்ளை தன் கொப்பியில் ஒரு ஜீவாவை எழுதினால், அதைக் கிழிக்காதீர்கள். பயத்தில் கிழிக்கும் உம்மாவையும் அம்மாவையும் எமக்கு விளங்குகிறது. ஆனால் நாமே கிழித்துவிட்டால், பிடிக்க வருகிறவனுக்கு வேலையே இல்லை.

விரும்பினால் பகிருங்கள், முழுவதும் வாசித்த பிறகு. வஸ்ஸலாம்.