பழுது பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்



மூன்று மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "டீச்சர், அங்க என்ன பார்த்தீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊர் சுற்றிய படமெல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று. இன்று எழுதப்போவது மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு வழக்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை மதியம் ஆனால் அவன் சிநேகிதப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்துவிடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. கம்ப்யூட்டர் வேண்டாம், செல்போன் வேண்டாம். பேப்பர், பென்சில், இருபது முகம் உள்ள பகடை, இவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று வாயால் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். பிள்ளைகள் மூன்று மணி நேரம் முகம் பார்த்துப் பேசிச் சிரிப்பதைப் பார்க்கவே எனக்கு நிறைவாக இருந்தது.

அதில் ஒரு பையனின் பாத்திரம் வார்ஃபோர்ஜ்டு என்ற இனம். கீத் பேக்கர் என்பவர் படைத்த எபரான் என்ற கற்பனை உலகத்தில் வருகிற இயந்திர மனிதர்கள். 2004-ல் அது புத்தகமாக வந்தது. அந்த உலகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு போர் நடக்கிறது. அந்தப் போரில் சாவதற்கென்றே இரும்பும் மரமும் கல்லும் வைத்துச் செய்த சிப்பாய்கள் இவர்கள். ஆனால் யோசிப்பார்கள், பேசுவார்கள், பயப்படவும் செய்வார்கள். போர் முடிந்தபோது எழுதிய உடன்படிக்கை அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. அவர்களைச் செய்த உலைகளையும் அழிக்கச் சொன்னது.

ஒரு சனிக்கிழமை அந்த இரும்புப் பையன் பொறியில் சிக்கி நொறுங்கிப் போனான். குழுவில் ஒரு பிள்ளை, "உயிர்ப்பிக்கிற மந்திரம் போடலாம்" என்றது. என் பேரன்தான் குறுக்கே பேசினான். "ரோபோதானே? பாகத்தை மாட்டி முறுக்கினா எழுந்துடும். அதுக்கு எதுக்கு வைரத்தைச் செலவு பண்ணணும்?" அந்தப் பாத்திரத்தை ஆடிய பையன் ஒன்றும் சொல்லவில்லை. தன் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தான்.

விதியை எனக்கும் விளக்கச் சொன்னேன். அந்த மந்திரத்தின் பெயர் ரெய்ஸ் டெட். 500 பொற்காசு பெறுமானமுள்ள வைரம் வேண்டும், அது கரைந்துபோகும். இறந்து பத்து நாளுக்குள் போட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். முக்கியமாக, போன உயிர் திரும்பி வரச் சம்மதிக்க வேண்டும். வந்த பிறகும் உடனே பழைய பலம் இருக்காது. பகடையில் நாலு எண் குறையும். ஒவ்வொரு இரவு ஓய்வுக்கும் ஒன்று வீதம் சரியாகும்.

2004 புத்தகத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. இந்த இரும்பு மனிதர்களுக்குக் காயம் ஆற்றும் மந்திரம் பாதிதான் பலிக்கும். பழுது பார்க்கும் மந்திரம் நன்றாகவே பலிக்கும். அந்த அளவுக்கு இயந்திரம். ஆனால் செத்துப்போனால் மனிதனைப் போலத்தான். மற்ற இயந்திரப் பதுமைகள் உடைந்தால் உடைந்ததுதான், அவற்றுக்கு இந்த மந்திரம் கிடையாது. இவர்களுக்கு உண்டு. அதாவது, காயம்பட்டால் பழுது பார், இறந்தால் விலை கொடுத்து அழை என்கிறது விதி.

அது சரியான விதி என்பதுதான் என் கட்சி.

"அம்மாச்சி, நீங்க டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க" என்றான் பேரன். நான் ஒன்றுதான் கேட்டேன். "பொறி இருக்கும்னு தெரிஞ்ச கதவை யார் முதல்ல திறந்தது?" அவன்தானாம். அதற்கு முந்தைய கதவு? அவன்தான். எல்லாக் கதவும் அவன்தான். ஏன்? "அவனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா சரி பண்ணிக்கலாம்."

கவனியுங்கள். செலவில்லாமல் திரும்பி வருவான் என்று நினைத்ததால்தான் அவனை முன்னால் தள்ளினார்கள். இலவசமாகத் திரும்ப வைப்பது அவனுக்குச் செய்யும் சலுகை மாதிரி தெரியும். உண்மையில் அது மற்றவர்களுக்குக் கிடைக்கும் சலுகை. எந்தப் போருக்குச் செய்தார்களோ, அதே வேலைக்கு அவனைத் திரும்ப அனுப்புவது. உடன்படிக்கை கொடுத்த விடுதலையைச் சாப்பாட்டு மேசையில் பறித்துக்கொள்வது.

"விளையாட்டுதானே டீச்சர்" என்பீர்கள். இந்தப் பாடத்தை நான் விளையாட்டில் கற்கவில்லை.

பல வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாட்டசாட்டமான பையன், எதற்கும் முகம் சுளிக்க மாட்டான். தண்ணீர்க் குடமா, அவன். பெஞ்சு நகர்த்தணுமா, அவன். சத்துணவு அரிசி மூட்டை இறக்கணுமா, அவனைத்தான் கூப்பிடுவேன். பாதிப் பாடத்தில் எழுப்பியும் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. வீட்டுக்குப் போனேன். தோள்பட்டை வீங்கிப் படுத்திருந்தான். "மூட்டை தூக்கும்போதே வலிச்சுது டீச்சர். நீங்க சொன்னீங்களேன்னு தூக்கிட்டேன்" என்றான். திரும்பி வந்தான், படித்தான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அவன் தாங்குவான் என்று முடிவு கட்டியது நான். அவனிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

வீட்டிலும் இதுதான். எந்த மகள் மூச்சு விடாமல் செய்கிறாளோ, அவள் தலையில்தான் அடுத்த வேலையும் விழும்.

மேசைக்கு வருவோம். பிள்ளைகள் ஒரு மந்திரக் கேடயத்தை விற்று வைரம் வாங்கினார்கள். விற்றது என் பேரனின் கேடயம், அவனே எடுத்துக் கொடுத்தான். கதை நடத்திய பெண் அந்தப் பையனைப் பார்த்து, "வர்றியா?" என்று கேட்டாள். அவன் உடனே பதில் சொல்லவில்லை. மடித்த தாளைப் பிரித்து நீவிவிட்டு, "வர்றேன்" என்றான். பகடையில் நாலு குறைந்திருந்ததால் அடுத்த கதவை அவனால் திறக்க முடியாது. யார் திறப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேடயம் இல்லாமல் என் பேரன் போனான்.

இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த வைரத்தைத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. படித்தால், தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதப்பா. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

மற்றவர்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களும் எனக்குச் சிவப்பு மை போடலாம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்