முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி ஓட்டுகிறவர்களும், வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளை வைத்திருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பிள்ளையார் கோயில். வாசலில் மாலை போட்ட புது வண்டி. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இந்த வருடம் கல்லூரி சேரும் பையன் மேலே உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தபோது அவர் சத்தமாகச் சொன்னார்: "தம்பி, முன் பிரேக்க மட்டும் தொட்றாத. தூக்கி அடிச்சிரும்."

சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். குருக்களும் ஆட்டினார். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டபிறகு மைதானத்தில் வாடகை சைக்கிளை வைத்து அந்த மனிதருக்கும் அவரோடு படித்தவர்களுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நான் சொன்ன வாக்கியம். வலதுகைப் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய். அந்தப் பையன்கள் வளர்ந்து மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், வாக்கியத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ஒரு வாத்தியார் சொன்ன தப்பு எத்தனை தலைமுறை ஓடும் என்று பாருங்கள்.

ஆம், தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் ஊரில் மோட்டார் சைக்கிள் பற்றிப் புழங்கும் புத்திமதிகளிலேயே ஆபத்தானது இதுதான். இதை அன்போடு சொல்கிறோம் என்பதுதான் கொடுமை.

ஏன் என்று கேட்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த இடைநிலை ஆசிரியன். பெரிய இயற்பியல் எனக்குத் தெரியாது, நடுநிலைப் பள்ளி அறிவியலே போதும். ஓடும் பஸ்ஸில் டிரைவர் பிரேக் அடித்தால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். வண்டியில் பிரேக் பிடித்தாலும் அப்படியே. வண்டியின் எடையும் நம் எடையும் முன் சக்கரத்தின்மேல் போய் அழுந்துகின்றன. முன் ஃபோர்க் அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அழுத்தம் கூடினால் டயருக்குத் தரையில் பிடிப்பு கூடும். அதே நொடியில் பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது சுற்றுவதை நிறுத்துமே தவிர, வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டே போகும். வால் ஒரு பக்கமாகத் திரும்பும். காய்ந்த தார்ச் சாலையில் நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் சக்கரம்தான் செய்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் பிரேக்குக்குக் கொஞ்சம் வலு கூடும். அப்போதும் முன்னதுதான் பெரியது.

இதையெல்லாம் நம்ப வேண்டாம். உங்கள் வண்டியைப் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு டிஸ்க் பிரேக் இருக்கிற வண்டியில் அது எந்தச் சக்கரத்தில் இருக்கிறது? முன்னால். பின்னால் சாதா டிரம். தொடக் கூடாத பிரேக்குக்கா கம்பெனிக்காரன் அவ்வளவு செலவு செய்வான்? 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் வைத்த வண்டிகளில் அதுவும் முன் சக்கரத்துக்குத்தான். 125 சிசி வரையுள்ள சின்ன வண்டிகளில் ஏபிஎஸ் வைக்க வேண்டும், அல்லது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு வைக்க வேண்டும் என்று அப்போது விதி வந்தது. அதாவது, இந்த ஜனங்கள் முன் பிரேக்கைப் பிடிக்கவே மாட்டார்கள் என்று தெரிந்து அரசாங்கமே நமக்குப் பதிலாகப் பிடித்துவிட்டது! அந்த ஏற்பாட்டையும் ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தளர்த்திக்கொள்கிற புத்திசாலிகளை எனக்குத் தெரியும்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

2009 டிசம்பர். என் மகனுக்கு அப்போது 20 வயது. அவன் ஓட்டியது 100 சிசி வண்டி, இரண்டு பக்கமும் டிரம் பிரேக். சாயங்கால வேளை, கண்மாய்க் கரை ரோட்டில் ஆட்டு மந்தை ஏறியது. அவன் வேகம் 50 இருக்கலாம் என்றான். பின் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்திருக்கிறான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பாலத்துக் கட்டைச் சுவரில் போய் மோதியது. வலது தொடை எலும்பு முறிந்தது. இரண்டு ஆபரேஷன், உள்ளே ராடு. இன்றும் வலது கால் கொஞ்சம் கட்டைதான். மழைக்காலத்தில் விந்தி நடப்பான்.

மறுநாள் நான் அந்த இடத்துக்குப் போனேன். தாரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. கோணலாக, பாலம் வரைக்கும். காலடி வைத்து அளந்தேன், 29 காலடி. அவ்வளவு தூரமும் என் பிள்ளை பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் போயிருக்கிறான். அவன் கவனக்குறைவாக ஓட்டவில்லை. அப்பன் சொன்னபடி ஓட்டினான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வண்டியின் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கைப்பிடி ஆக்ஸிலேட்டர் வரைக்கும் வந்து ஒட்டியது, சக்கரம் தாராளமாகச் சுற்றியது. கேபிளை யாரோ தளர்த்தி வைத்திருந்தார்கள். மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், நீங்கதான வண்டி எடுத்த புதுசுல பையன் ஓட்டுறான், முன் பிரேக்க லூஸ் பண்ணி வைங்கன்னு சொன்னீங்க?"

சொன்னேன். ஞாபகம் வந்தது.

என் மகன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

சரி, இதைச் சொன்னதும் வழக்கமாக வரும் பதில்களுக்கு வருகிறேன்.

"முப்பது வருஷமா பின் பிரேக்லயே ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல." ஐயா, நீங்கள் முப்பது வருடம் ஓட்டியது டிவிஎஸ் 50-யில், 35 வேகத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் ரோட்டில். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நாலு மடங்கு. 60-ல் போகிறவன் கண்ணால் பார்த்துக் கையும் காலும் வேலை செய்யத் தொடங்கும் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது பிரேக் பிடிக்கும் முன்பே போன தூரம். உங்கள் பிள்ளை ஓட்டுவது நான்குவழிச் சாலையில். உங்கள் அனுபவத்தை அவனுக்குச் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.

"நான் முன் பிரேக் பிடிச்சுத்தான் சார் விழுந்தேன்." நம்புகிறேன். இதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் பொய் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. ஹேண்டில் பார் திரும்பியிருக்கும்போது பிடித்தால் விழலாம். ஆற்று மணல் லாரி சிந்திவிட்டுப் போன திருப்பத்தில் விழலாம். எங்கள் பக்கம் ரோட்டிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப் போடுவார்கள், அதன்மேல் பிடித்தால் கட்டாயம் விழலாம். ஆனால் அங்கே பின் பிரேக்கை மட்டும் மிதித்தவனும் விழுகிறான். இன்னொன்றையும் கேட்கிறேன். விழுந்த அன்றைக்கு முன்னால் எத்தனை நாள் அந்த முன் பிரேக்கைப் பிடித்துப் பழகியிருந்தீர்கள்? ஒரு நாளும் தொடாத பிரேக்கை, உயிர் பயத்தில், ஒரேயடியாக இறுக்கினால் விழாமல் என்ன செய்வீர்கள்? தொடாதே தொடாதே என்று சொல்லிச் சொல்லி, பழக்கமே இல்லாத கையால் கடைசி நொடியில் பிடிக்க வைப்பது நாம்தான். பிறகு பார்த்தாயா, சொன்னேனே என்கிறோம்.

எப்படிப் பிடிப்பது? கோயிலில் சக்கரத்துக்கு அடியில் வைத்து வீணாக்கிய எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தைப் பிழிகிறவன் வெடுக்கென்று அழுத்துவானா? முதலில் மெதுவாக, சாறு வர வர இறுக்கமாக. அவ்வளவுதான். ஹேண்டில் நேராக இருக்கட்டும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து தொடங்கட்டும். முன் ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரிந்ததும் முன் பிரேக்கை இன்னும் இறுக்குங்கள். கிளட்சை முதலிலேயே பிடித்து எஞ்சினை விடுதலை செய்துவிடாதீர்கள், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் பிடித்தால் போதும். திருப்பம் என்றால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மழையிலும் மணலிலும் இரண்டையும் மிக மிருதுவாக.

அந்த விபத்துக்கு அப்புறம் நானே போய்ச் சோதித்துப் பார்த்தேன். பைபாஸ் பக்கத்தில் பிளாட் போட்டு, விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு ஒன்று இருக்கிறது. நல்ல தார் ரோடு, ஈ காக்கை கிடையாது. 1996-ல் கடன் போட்டு வாங்கிய என் ஸ்பிளெண்டரில் 40 வேகத்தில் போய், சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடித்தேன். பின் பிரேக் மட்டும் பிடித்தபோது 23 காலடி. இரண்டும் சேர்த்து, பத்து நாள் பழகிய பிறகு, 13. நடுவில் இருக்கும் அந்தப் பத்துக் காலடியில்தான் ஆடும், பாலத்துக் கட்டையும், ஸ்கூல் பிள்ளையும் நிற்கிறார்கள்.

பிரேக்கைப் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பிடிக்கிற நிலையில் அது இருக்க வேண்டும். இங்கேயும் நம் ஆட்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. சைலன்சர் மாற்றக் காசு இருக்கிறது. கண்ணைக் குத்தும் வெள்ளை லைட்டுக்குக் காசு இருக்கிறது. நம்பர் பிளேட்டில் தலைவர் படத்துக்கும் இருக்கிறது. சில நூறு ரூபாய் பிரேக் ஷூவுக்கு மட்டும் "அடுத்த மாசம் பாப்போம்." டிரம் பிரேக்காக இருந்தால், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் நடுவில் பாருங்கள். சின்னதாக ஓர் அம்புக்குறி நகரும். அது எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது, திருகித் திருகி இறுக்கிப் பயனில்லை. முன் கைப்பிடி நுனியில் 10, 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம், அதற்குமேல் பிடிப்பு தெரிய வேண்டும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள்.

டிஸ்க் பிரேக் என்றால், ஹேண்டில் மேல் இருக்கும் சின்ன டப்பாவின் கண்ணாடியில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூட்டில் சீக்கிரம் கொதித்து, கைப்பிடி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் பளபளப்புக்காக டீசலை அடிப்பார்கள். டிஸ்க் மேல் ஒரு துளி படவிடாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வழுக்கை டயரில் எந்த பிரேக்கும் வேலை செய்யாது. காற்று எவ்வளவு என்பது செயின் கவர் பக்கத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ எழுதியிருக்கும். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால் ஒரு கைகூட உயராது என்பது எனக்குத் தெரியும்.

லைசென்ஸ் கொடுக்கிறவர்களையும் விடப் போவதில்லை. நம் பிள்ளைகள் எட்டு போடுகிறார்கள். கால் ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். ஊர்ந்து ஊர்ந்து எட்டு போடுவதில் பிரேக்குக்கு என்ன வேலை? 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியைப் படித்துப் பாருங்கள். அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுவதும் தேர்வில் சொல்லப்பட்டிருக்கிறது. என் மகன் லைசென்ஸ் எடுத்தபோது அவனை யாரும் நிறுத்திக் காட்டச் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததும் எட்டு மட்டும்தான். ஓடத் தெரியுமா என்று பார்த்துவிட்டு, நிற்கத் தெரியுமா என்று பார்க்காமல் அட்டையைக் கையில் கொடுக்கிறோம்.

அன்றைக்கு டீக்கடையில் நான் எழுந்துபோய் அந்த அப்பாவிடம் பேசினேன். "சார், நீங்கதான சொன்னீங்க" என்றார் அவரும். ஆமாம்ப்பா, தப்பாச் சொல்லிட்டேன், திருத்திக்க என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பையனைத் திரும்பக் கூப்பிட்டார்.

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்த மனைப்பிரிவு ரோட்டில் இருப்பேன். அந்தப் பையன் வருகிறான். கோடு போட்டுக் காலடி அளக்க என் மகனும் வருகிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், காசு பணம் எதுவும் வேண்டாம். ஹெல்மெட், ஷூ கட்டாயம். செருப்போடு வருகிறவர்களை வேடிக்கை பார்க்கத்தான் விடுவேன். வருவதற்கு முன் டயரில் காற்றுப் பார்த்துவிட்டு, முன் பிரேக் கேபிள் தளர்த்தி வைத்திருந்தால் இறுக்கிவிட்டு வாருங்கள்.