பித்தப்பை வீக்கம்: உடனே ஆபரேஷனா, 6 வாரம் காத்திருக்கணுமா?

பித்தப்பையில் கல் அடைத்து திடீரென வீங்கினால், 'முதல்ல வீக்கம் வடியட்டும், 6 வாரம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்' என்பதே பல மருத்துவமனைகளில் இருந்த வழக்கம்.

ஆனால், 2013இல் வெளியான ஜெர்மனி - ஸ்லோவேனியா ஆய்வு வேறு கதை சொன்னது. அதில் பங்கேற்றவர்கள் 618 பேர். அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என முடிவானவர்களில் 11.8% பேருக்கு சிக்கல்கள் வந்தன. ஆன்டிபயாடிக் கொடுத்து, 7 முதல் 45 நாள்களுக்குள் ஆபரேஷன் எனத் தள்ளிவைக்கப்பட்டவர்களில் அது 34.4%.

காரணம் என்ன? நாளாக ஆக பித்தப்பையைச் சுற்றித் தழும்பு இறுகும், பிரித்தெடுப்பது கஷ்டம். காத்திருக்கும்போதே வலி திரும்பவும் வரலாம்.

அப்போ எல்லோருக்கும் உடனேயா? இல்லை. உறுப்புகள் செயலிழக்கும் அளவுக்குப் போனவர்களை முதலில் தேற்ற வேண்டும். மற்றவர்கள், வலி அடங்கியதும் வீட்டுக்குக் கிளம்பாமல், 'இப்பவே பண்ண முடியுமா டாக்டர்?' எனக் கேட்பது நல்லது.